டி.வி.யில் வந்த தாய்மாமன்

"அந்தாளு பேரைச் சொல்றதுக்கு முன்னாடி நிறுத்திருங்கண்ணே, உங்களுக்குக் கோடிப் புண்ணியம்!"

ராக்கம்மாவுக்கு இருப்புக் கொள்ளவில்லை. வாசலை எட்டிப் பார்ப்பதும், திரும்பி வந்து டி.வி. முன்னால் நிற்பதுமாக இருந்தாள். கொடைக்கானல் பஸ் ஸ்டாண்டுக்கு மேலே சேனாதிபதியின் வீடியோ கடை அது. இலங்கை டி.வி.யான ரூபவாகினியில் வந்த தேயிலைத் தோட்ட நிகழ்ச்சியை அவர் பதிவு பண்ணி வைத்திருந்தார். இப்போது இரண்டு டெக்குகளை ஒயரால் கோத்து, அதை இன்னொரு கேசட்டில் ஏற்றிக்கொண்டிருந்தார்.

"சும்மா இரு அக்கா, எனக்கே பயமாருக்கு. டி.வி.ல வர்றவன் 'என் பேரு வீரையா'ன்னு தன் வாயாலயே சொல்றான். நீ அவனைக் காட்டி எந்தம்பி பிச்சையாங்கிற. மாட்டுனா என் கடைக்கில்ல கெட்ட பேரு?"

"ஆயிரம் பொய் சொல்லி ஒரு கல்யாணம் பண்ணலாம்னு சும்மாவா சொன்னாங்க?"

வேறு வழி? குடும்பம் கப்பலேறி ஊர் திரும்பியபோது தம்பி இலங்கைத் தோட்டத்திலேயே தங்கிவிட்டவன். கலவரத்துக்குப் பிறகு இருக்கிறானா இல்லையா என்றே தகவல் இல்லை. மாப்பிள்ளையின் அம்மா பாப்பம்மாள் அதைப் பிடித்துக்கொண்டாள். தாய்மாமன் செத்திருந்தால் அது கருமாதி பண்ணாத வீடாம்; தீட்டு வீட்டில் பரிசம் போட மாட்டாளாம். உயிரோடு இருக்கிறான் என்று காட்டு, இல்லாவிட்டால் வேறு இடம் பார்க்கிறோம் என்று முகத்துக்கு நேரே சொல்லிவிட்டாள். மகளோ கட்டினால் அவனைத்தான் என்று சோறு தண்ணி இல்லாமல் கிடக்கிறாள். பெற்றவள் என்னதான் செய்வாள், பாவம்!

டி.வி.யில், தலையில் துண்டு கட்டிய ஒருவன் தேயிலைச் செடியைக் கத்தியால் கவ்வாத்து வெட்டினான். மைக்கை நீட்டியதும் நிமிர்ந்தான். வாயைத் திறந்தான்.

சேனாதிபதி ஸ்டாப் பட்டனை டக்கென்று அமுக்கினார்.

"அப்பாடா!" என்று ராக்கம்மா மூச்சு விடுவதற்குள் வாசலில் பண்ணைக்காட்டு ஜீப் நின்றது. பாப்பம்மாள் இறங்கினாள். பின்னாலேயே அவள் புருஷன் மாயாண்டி.

"வெரசாப் போடுங்க, ஊர்ப்பட்ட சோலி கெடக்கு" என்றாள் பாப்பம்மாள். "எங்க வீட்டுக்காரரும் கலவரம் முடிஞ்சு கடைசிக் கப்பல்ல வந்தவருதான், மதினி. உங்க தம்பி இருந்த அதே தோட்டமாம்! கல்லுளிமங்கன், நேத்துத்தான் வாயைத் திறந்தாரு. அவரே பாத்துச் சொல்லட்டும்."

ராக்கம்மா சேனாதிபதியைத் திரும்பிப் பார்த்தாள். போச்சு, எல்லாம் போச்சு!

கேசட் ஓடியது. துண்டுக்காரன் நிமிர்ந்தான், வாயைத் திறந்தான், நின்றது.

"என்னாச்சு? பேச வாயெடுத்தானே?"

"அதோட கரண்டு போயிருச்சுக்கா" என்றார் சேனாதிபதி, எங்கேயோ பார்த்துக்கொண்டு.

"இன்னொரு வாட்டி போடுங்க தம்பி" என்றார் மாயாண்டி.

மறுபடி ஓடியது. மாயாண்டி திரைக்குப் பக்கத்தில் போய்க் குனிந்தார். குறிஞ்சியாண்டவா, மானத்தைக் காப்பாத்து! ராக்கம்மா முந்தானையை முறுக்கிக்கொண்டே இருந்தாள்.

"பிச்சையாவேதான்!" என்று நிமிர்ந்தார் மாயாண்டி. "பக்கத்து லயத்து வீட்டுல இருந்தவனை எனக்குத் தெரியாதா? கத்தி பிடிக்கிற தோரணையே சொல்லுதே!"

பாப்பம்மாளின் முகம் மலர்ந்துவிட்டது. "பெறகென்ன மதினி, பரிசத்துக்கு நாள் பாருங்க" என்றவள், பூ வாங்க வெளியே போனாள்.

இந்த மனுஷனும் ஏமாந்துவிட்டாரே என்று ராக்கம்மாவுக்குச் சந்தோஷம் ஒரு பக்கம், கூச்சம் ஒரு பக்கம். கையெடுத்துக் கும்பிட்டாள். "எம்மக வாழ்க்கையைக் காப்பாத்திட்டீங்கண்ணே."

மாயாண்டி வாசலை ஒரு தரம் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினார்.

"கல்யாணம் முடியிற வரைக்கும் அழுதுராத, தங்கச்சி. கலவரத்தன்னைக்குப் பிச்சையாவைக் குழியில இறக்கி மண்ணு தள்ளுனவனே நான்தான்."