புதன்கிழமை மூன்று மணி

"பெரிய மேடத்தை இன்னைக்கும் ஆஸ்பத்திரியிலதான் இறக்கிவிட்டுட்டு வர்றேன். நான் சொன்னேன்னு காட்டிக்காதீங்க."

டிரைவர் அவ்வளவுதான் சொன்னார். எதைக் கேட்டாலும் "தெரியாதுங்க" என்று முடித்துக்கொள்கிற மனிதர். அவரே படியேறி வந்து சொல்கிறார் என்றால் விஷயம் சின்னதாக இருக்காது. சின்னவள் கையிலிருந்த லோடு சீட்டை மேஜைமேல் வைத்தாள்.

அக்காவும் தங்கையும் சேர்ந்து தொடங்கிய அட்டைப்பெட்டிக் கம்பெனி அது. வாடகை அறையில் ஒரே ஒரு கட்டிங் மெஷினோடு ஆரம்பித்துப் பதினான்கு வருஷம் ஆகிறது. இப்போது அறுபது பேர் வேலை செய்கிறார்கள். வாடிக்கையாளர்களைப் பார்ப்பது பெரியவள் பொறுப்பு. ஆள், மெஷின், பசை, லாரி எல்லாம் சின்னவள் தலையில்.

ஆறு வாரமாகப் பெரியவளின் போக்கே சரியில்லை. புதன்கிழமை மூன்று மணியானால் கைப்பையை எடுத்துக்கொண்டு கிளம்பிவிடுகிறாள். போனை அணைத்துவிடுகிறாள். திரும்பி வரும்போது கண் சிவந்திருக்கும். கேட்டால், "சும்மா ஒரு வேலைடி" என்பாள். போன வாரம் அவள் பையில் பேனா தேடியபோது ஆஸ்பத்திரி டோக்கன் ஒன்று கையோடு வந்தது. அன்றிலிருந்து சின்னவளுக்குத் தூக்கம் இல்லை.

அதற்கு முன்னால் மட்டும் தூங்கினாளா என்றால், அதுவும் இல்லை. விடியற்காலையிலேயே எழுந்து லாரி கிளம்பியதா என்று போன் செய்வாள். ஷெட்டின் பூட்டை மறுபடி இழுத்துப் பார்க்கப் பாதி வழியிலிருந்து திரும்பி வருவாள். மத்தியானச் சாப்பாடு டப்பாவிலேயே ஆறிக் கிடக்கும். நெஞ்சை அடைத்தால் வெந்நீர் குடித்துவிட்டு மெஷின் பக்கம் போய்விடுவாள். தொழில் என்றால் அப்படித்தான், அவளுக்குப் பழகிவிட்டது. ஆனால் அக்கா அப்படி இல்லையே. பாறை மாதிரி நிற்கிறவள். அவளுக்கு ஒன்று என்றால்?

சின்னவள் எழுந்தாள். மருந்துக் கம்பெனிக்கான பெட்டிகள் வண்டியில் ஏறிக்கொண்டிருந்தன. எந்த ரகத்தை முதலில் ஏற்றுவது என்று சூப்பர்வைசர் ஓடிவந்து கேட்டார்.

"நீங்களே பாத்துக்குங்க."

இந்த வார்த்தையை அவள் வாயிலிருந்து கேட்டறியாத சூப்பர்வைசர் நின்ற இடத்திலேயே நின்றுவிட்டார்.

கார் போகும் வழியெல்லாம் தனக்குத் தெரிந்த வியாதிகளை ஒவ்வொன்றாக அக்காமேல் ஏற்றிப் பார்த்துக்கொண்டே போனாள். அம்மாவும் இப்படித்தான், யாரிடமும் வாய் திறக்காமல் கடைசி மாதத்தில்தான் சொன்னாள். சிக்னலில் வண்டி நின்றபோது கை நடுங்குவதை டிரைவர் பார்த்துவிடக் கூடாதே என்று புடவைத் தலைப்பில் சுற்றிக்கொண்டாள்.

ஆஸ்பத்திரி விசாரணை ஜன்னலில் அக்காவின் பெயரைச் சொன்னாள். கம்ப்யூட்டரில் இரண்டு முறை தேடிவிட்டு, அந்தப் பெயரில் பேஷன்ட் யாருமே இல்லை என்றாள் அங்கிருந்த பெண். பெயரை மாற்றிக் கொடுத்து வைத்தியம் பார்க்கிற அளவுக்கு அப்படி என்ன வியாதி?

மாடி மாடியாகத் தேடினாள். மூன்றாவது மாடியில், தாழ்வாரத்தின் கோடியில், மூடிய கதவுக்கு எதிரே நாற்காலியில் அக்கா உட்கார்ந்திருந்தாள். தங்கையைப் பார்த்ததும் அவள் திடுக்கிடவில்லை. பக்கத்து நாற்காலியிலிருந்த கைப்பையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டாள்.

"உட்காரு. முதல்ல மூச்சு விடு."

"என்ன வியாதின்னு சொல்லு."

"சொல்றேன். உட்காரு."

உட்கார்ந்ததும் சின்னவளுக்கு அழுகை பொத்துக்கொண்டு வந்தது. பதினான்கு வருஷத்தில் அக்கா முன்னால் அவள் அழுதது கிடையாது. "எங்கிட்ட ஏன்க்கா மறைச்ச? ஒரு வார்த்தை கூப்பிட்டிருந்தா நான் ஆஸ்பத்திரிக்கு வந்திருக்க மாட்டேனா?"

"வந்திருக்க மாட்டே," என்றாள் அக்கா.

அந்த வார்த்தை சுருக்கென்று தைத்தது. எப்போது கூப்பிட்டாலும் ஆர்டர் இருக்கிறது, லோடு இருக்கிறது என்று தான் சொன்னதெல்லாம் ஞாபகத்துக்கு வந்தது. கடைசியாக இரண்டு பேரும் சேர்ந்து உட்கார்ந்து சாப்பிட்டது எப்போது என்று யோசித்துப் பார்த்தாள். நினைவுக்கு வரவில்லை. பெட்டிகளை அடுக்கி அடுக்கியே அத்தனை வருஷமும் போயிருந்தது.

"கம்பெனி எப்படியோ போகட்டும்க்கா," என்றாள். "ஒரு மாசம் மூடினாலும் சரி. நல்லா தூங்கலாம், நேரத்துக்குச் சாப்பிடலாம். உடம்பைவிட அது பெருசா என்ன?"

"நிஜமாத்தான் சொல்றியா?"

"நிஜமாத்தான்."

"டாக்டர் என்ன சொன்னாலும் கேட்கணும். பாதியில எழுந்து ஓடக் கூடாது."

"யாரும் ஓட மாட்டோம். நான் கூடவே இருக்கேன். சத்தியமா."

அக்கா அவள் கையை இறுகப் பிடித்துக்கொண்டாள். அந்தக் கை நடுங்கவில்லை. சில்லென்று வியர்த்து நடுங்கிக்கொண்டிருந்தது சின்னவளின் கைதான்.

கதவு திறந்தது. நர்ஸ் எட்டிப் பார்த்து ஒரு பெயரைக் கூப்பிட்டாள். அக்காவை உள்ளே கூட்டிப்போக எழுந்த சின்னவள் அப்படியே நின்றாள். கூப்பிட்டது அவளுடைய பெயரை.

நர்ஸ் அக்காவைப் பார்த்துச் சிரித்தாள். "ஆறு வாரமா நீங்க மட்டும்தானே வந்து பேசிட்டுப் போனீங்க. ஒருவழியா இன்னைக்குப் பேஷன்டைக் கூட்டிட்டு வந்துட்டீங்களே, மேடம்."