கைப்பிடி

சக்கர நாற்காலி வழங்கும் படத்தை எடுக்க வெகுநேரம் ஆயிற்று. அறக்கட்டளைத் தலைவர் பின்னால் நின்று இரண்டு கைப்பிடிகளையும் பிடித்திருந்தார். “அக்கா, கொஞ்சம் சிரிங்க” என்று கேமராக்காரர் திரும்பத் திரும்பச் சொன்னார். தமயந்திக்குச் சிரிப்பு வரவில்லை. தலைவரும் கையை எடுக்கவில்லை.

தங்கை சுகந்தி வேலைக்குப் போனால் பொழுது சாய்ந்துதான் வருவாள். அதுவரை கழிவறைக்குத் தூக்கிப்போக ஆள் கிடையாது என்பதால், பகலெல்லாம் தண்ணீர் குடிக்காமல் இருந்து பழகியவள் தமயந்தி. நாற்காலி வந்த மறுநாள்தான் ஒரு சொம்புத் தண்ணீரை ஆசைதீரக் குடித்தாள்.

கழிவறைக்குப் போகத் தள்ளியபோது சக்கரம் நகரவில்லை. பிரேக் போட்டிருக்கவில்லை. குனிந்து பார்த்தாள், எதுவும் சிக்கியிருக்கவுமில்லை. பலம்கொண்ட மட்டும் தள்ளியபோது, யாரோ பின்னாலிருந்து இழுத்துப் பிடித்தது போல நாற்காலி அதிர்ந்து நின்றது. கையைப் பின்னால் நீட்டிக் கைப்பிடியைத் தொட்டாள். ரப்பர் உறை வெதுவெதுப்பாக, வியர்த்திருந்தது.

“போட்டோதான் எடுத்தாச்சே. விடுங்க சார்” என்றாள்.

மறுபடி தள்ளினாள்; அசையவில்லை. அடிவயிறு முட்டியது. வேறு வழி தோன்றாமல் எதிர்ச்சுவரைப் பார்த்துச் சிரித்தாள். நாற்காலி நகர்ந்தது.

மாலையில் சுகந்தி கதவைத் திறந்தபோது, அக்கா நடுக்கூடத்தில் பல் தெரியச் சிரித்தபடி உட்கார்ந்திருந்தாள். கன்னங்கள் நனைந்திருந்தன.

“என்னக்கா, ஏன் இப்படிச் சிரிச்சுக்கிட்டிருக்க?”

சிரிப்பைக் கலைக்காமலே தமயந்தி சொன்னாள்.

“மெதுவாப் பேசு. நிறுத்தினா மறுபடி பிடிச்சுக்குவார்.”