ஐஸ் பிளாண்ட் வவ்வால்

ஜெகதாப்பட்டினத்தில் மூடிக்கிடக்கும் ஐஸ் பிளாண்டின் வாசலில் பிளெஸ்ஸி நிற்கிறாள். இடிக்கப்போகிற கட்டடத்தில் கூடு கட்டிய பறவை, அடைந்திருக்கும் வவ்வால் எல்லாவற்றையும் கணக்கெடுப்பது அவள் வேலை. தூண் இடுக்கில் பார்த்த மைனாக் கூடு காலி. படிவத்தில் கடைசிக் கட்டம் மட்டும் மீதி. "அண்ணே, இங்க வவ்வால் இருக்கா?" காவல்காரர் பெரியண்ணன் உதட்டைப் பிதுக்குகிறார். "ரெண்டு மாசமாக் கண்ணுலயே படலம்மா." அவள் 'இல்லை' என்று எழுதுகிறாள். கையெழுத்தும் போட்டுவிட்டால் திங்கட்கிழமை இடிக்க வண்டி வந்துவிடும். பேனா இறங்கும்போது அவர் விட்ட இடத்திலிருந்து தொடர்கிறார். "வந்தாலும் கறுப்பு வவ்வாலுதான். வறுக்கிறதுக்கு வெள்ளை வவ்வாலு எங்க கெடைக்குது?"

பேனா அந்தரத்தில் நிற்கிறது. "அண்ணே, நான் மீனைக் கேக்கல. பறக்குறதைக் கேட்டேன்." "அட, அதுவா!" இடுப்பிலிருந்து சாவியை உருவுகிறார். "இங்கிட்டு வாங்க. சத்தம் போடாம வாங்க, தூங்குதுங்க." துருவேறிய கதவு முனகிக்கொண்டு திறக்கிறது. பழைய அம்மோனியா வாடையோடு வேறொரு நெடியும் முகத்தில் அடிக்கிறது. கூரை ஓட்டை வழியே ஒற்றைக் கோடாக விழும் வெயிலில் தூசி மிதக்கிறது. உத்தரம் நெடுகிலும் அப்பிக்கிடக்கும் கறுப்பு, கதவு வெளிச்சம் பட்டதும் லேசாக நெளிந்து, தன்னைத்தானே இன்னும் இறுக்கிப் போர்த்திக்கொள்கிறது. பிளெஸ்ஸி 'இல்லை'யை அடித்துவிட்டு, அண்ணாந்தபடி எண்ணத் தொடங்குகிறாள். ஒன்று. அதன் மார்பில் ஒட்டிக்கொண்டு, இன்னும் மயிர்கூட முளைக்காமல், இன்னொன்று.