குரூப்பிலிருந்து பிரிட்டோவை எடுத்த நாள்

“அக்கா, முதல்ல பிரிட்டோவைக் குரூப்ல இருந்து எடுங்க. இல்லன்னா இனிமே அதுல நான் ஒரு வார்த்தை டைப் பண்ண மாட்டேன்” என்றாள் மிருதுளா, டிபன் பாக்ஸைத் திறக்காமலே.

அருள்மேரி கண்ணாடி அறையைப் பார்த்தாள். உள்ளே பிரிட்டோ, வேதாசலம் சாரிடம் ஏதோ வரைபடத்தைக் காட்டிக்கொண்டிருந்தான். கதவு சாத்தியிருந்தது.

மேற்குத் தாம்பரத்தில், மருந்துக்கடை மாடியில், வீட்டு பிளான் போட்டுக் கொடுக்கும் அலுவலகம் அது. முதலாளி வேதாசலம், வரைகிறவர்கள் இவர்கள் மூவர். வேலை நேரத்தில் வாய் பேசினால் சாருக்கு ஆகாது. செல்போன்கள் காலையிலேயே டிராயருக்குள் போய்விட வேண்டும். அதனால் மூவரும் அலுவலகக் கம்ப்யூட்டர்களுக்குள் மட்டும் ஓடுகிற மெசஞ்சரில் ஒரு குரூப் வைத்துக்கொண்டு, சுவர் கோடு இழுக்கிற பாவனையிலேயே ஊர்க்கதை பேசி வந்தார்கள்.

இரண்டு மாதமாகத்தான் இந்தப் பேஜார். அங்கே எழுதியதெல்லாம் சார் காதுக்குப் போனது. காட்டாங்குளத்தூரில் ஒரு வேலைக்கு இண்டர்வியூ போகப்போவதாக மிருதுளா எழுதினாள். மறுநாளே சார், “காட்டாங்குளத்தூர்ல வெயில் ஜாஸ்தியாமே?” என்று விசாரித்தார். அக்கா மகள் நிச்சயதார்த்தத்துக்கு, ஜுரம் என்று சொல்லி வியாழக்கிழமை மட்டம் போடப்போவதாக அருள்மேரி எழுதினாள். புதன்கிழமை சாயங்காலம் சார் அவளை நிறுத்தி, “உடம்பைப் பார்த்துக்கோங்கம்மா. நாளைக்கு ஜுரம் வந்துடப்போகுது” என்றார்.

மூன்று பேர் உள்ள குரூப்பில் தன்னையும் மிருதுளாவையும் கழித்தால் மிச்சம் ஒருவன்தான். அவன் வீடும் சார் வீடும் சேலையூரில் ஒரே தெரு. சில நாள் சார் காரிலேயே வந்து இறங்குவான்.

அருள்மேரி எதையும் தேதி போட்டு எழுதிவைத்துச் செய்கிறவள். எழுதியது என்ன, சார் கேட்டது என்ன என்று நோட்டில் வரிசையாகக் குறித்தாள். பதினோரு முறை. பன்னிரண்டாவதுக்குக் காத்திருக்காமல், அந்தச் சனிக்கிழமை மதியம் பிரிட்டோவைக் குரூப்பிலிருந்து எடுத்துவிட்டாள்.

அன்றைக்கு அலுவலகத்தில் வேறு சந்தடியும் இருந்தது. ஒரு பிளானைத் திறக்க நாலு நிமிடம் ஆகிறது, ஒருவர் பிரிண்ட் கொடுத்தால் மற்றவர் திரை உறைந்து நிற்கிறது என்று எல்லோரும் புலம்பியதில், நெட்வொர்க் பார்க்கிற ஸ்டெபினைச் சாரே வரவழைத்திருந்தார். அவன் மேஜைக்கு அடியில் படுத்து, இருபது வருடத் தூசியோடு ஹப் என்ற பெட்டியைக் கழற்றி எடுத்தான். ஒருவருக்கு அனுப்புவதை எல்லாக் கம்ப்யூட்டருக்கும் தள்ளிவிடுகிற பழங்காலத்துச் சாமான், அதனால்தான் இத்தனை நெரிசல் என்றான். புதிதாக மாட்டுகிற ஸ்விட்ச் யாருக்கு உரியதோ அவருக்கு மட்டும் கொண்டுபோய்க் கொடுக்கும் என்றும் சொன்னான். அருள்மேரி தலையாட்டினாளே தவிர, அவள் கவனமெல்லாம் பிரிட்டோவின் முகத்தில் இருந்தது. குரூப் காணாமல் போனதை அவன் அப்போதுதான் பார்த்தான், எதுவும் கேட்கவில்லை. கேட்காததையும் அவள் நோட்டில் குறித்துக்கொண்டாள்.

திங்கட்கிழமை முதல் பிளான்கள் இருபது நொடியில் திறந்தன. மாடம்பாக்கம் அடுக்குமாடி வேலை இரண்டு நாள் முன்னதாகவே முடிந்தது. அதைவிடப் பெரிய நிம்மதி, சார் எதையும் கேட்கவில்லை என்பதுதான். சோதித்துப் பார்க்க, அடுத்த மாதம் வேலையை விடப்போவதாக மிருதுளா ஒரு பொய்யை எழுதினாள். சாரிடமிருந்து மூச்சில்லை. வாரம் முழுக்க அவர் யாருக்கும் முகம் கொடுக்காமல் சிடுசிடுவென்றுதான் இருந்தார்.

“காது போச்சுல்ல, அந்தக் கடுப்பு” என்று மிருதுளா சிரித்தாள்.

அடுத்த திங்கட்கிழமை அருள்மேரி நோட்டோடு பிரிட்டோ முன்னால் போய் உட்கார்ந்தாள். தேதிகளை ஒவ்வொன்றாகப் படித்தாள். அவன் முழுதும் கேட்டான்.

“நான் சொல்லலக்கா.”

“நீ இருந்தவரைக்கும் பதினோரு தடவை போச்சு. நீ போனப்புறம் ஒண்ணுகூடப் போகல. வேற என்னப்பா மாறிச்சு இங்க?”

அவன் நோட்டை மூடி அவள் பக்கமே தள்ளிவைத்தான். ஜனவரியில் அவனுக்குக் கல்யாணம். கையில் வேறு வேலை கிடையாது. இருந்தும் அன்று மதியமே ராஜினாமா எழுதிச் சார் மேஜையில் வைத்தான். “மூணு வருஷம் ஒண்ணா சாப்பிட்டோம்க்கா. அதுக்குமேல என்ன சொல்றது” என்றுவிட்டுப் பையை மாட்டிக்கொண்டு படி இறங்கினான். மிருதுளா ஜன்னல் வழியாக அவன் பஸ் ஸ்டாப்புக்குப் போகும்வரை பார்த்துக்கொண்டு நின்றாள்.

அவன் போன கொஞ்ச நேரத்தில் ஸ்டெபின் வந்தான். சார் போன் செய்து கூப்பிட்டாராம். கண்ணாடி அறையில் கால் மணி நேரம் இருந்துவிட்டு, தலையைச் சொறிந்தபடி வெளியே வந்தான்.

“அந்தப் பழைய ஹப்பை எங்கக்கா போட்டீங்க? அதையே திரும்ப மாட்டச் சொல்றார் சார்.”

“ஏம்ப்பா, இது நல்லாத்தானே ஓடுது?” என்றாள் அருள்மேரி.

“உங்களுக்கெல்லாம் நல்லாத்தான் ஓடுது. நீங்க குரூப்ல பேசிக்கிறதுதான் ஒரு வாரமா அவர் ஸ்க்ரீனுக்கு வரலையாம்.”