செருப்பில்லாத படம்

தொம்மலூரில் எங்கள் விளம்பர ஆபீஸில் விளக்கை அணைத்திருக்கிறோம். ஓசூர்ப் பக்கத்துக் கேழ்வரகுப் பெண்கள் சங்கத்துக்கு மாவுப் பாக்கெட்டில் போட நாங்கள் தயாரித்த அடையாளப் படம் புரொஜெக்டர் வெளிச்சத்தில் சுவரை அடைத்து நிற்கிறது: கிழிந்த புடவை, வெறுங்கால், கூப்பிய கை. படத்தில் இருக்கும் முனிரத்னம்மாதான் சங்கத் தலைவி. எதிர் நாற்காலியில் பட்டுப்புடவையும் கனகாம்பரமுமாக உட்கார்ந்திருக்கிறார். ஏசி குளிருக்கு முந்தானையை இழுத்துப் போர்த்திக்கொண்டு என்னிடம் கேட்கிறார்: “செருப்பைக் கழட்டி ஓரமா வைங்கன்னாரே போட்டோக்காரரு, இதுக்குத்தானா? நாங்க மாவு விக்கிறவங்க கண்ணு. இதப் பாத்தா சில்லறை போட்டுட்டுப் போயிருவாங்க.” கூட வந்த பெண்கள் வாயைப் பொத்திக்கொண்டு சிரிக்கிறார்கள். எங்கள் முதலாளி மல்ஹோத்ரா சாருக்குத் தமிழ் தெரியாது. பேனாவை மேஜையில் தட்டியபடி என்னைப் பார்க்கிறார். இன்றைக்கே இவர்களை ஒப்புக்கொள்ள வைத்தால்தான் எனக்கு வேலை நிரந்தரம் என்று காலையில் சொன்னவர். எங்கள் ஜோகுபாளையத்தில் தண்ணீருக்காக வார்டு கார்ப்பரேட்டரையே மறித்துச் சண்டை போட்டவள் நான். எங்கள் வீட்டின் முதல் பட்டதாரி. “அவர்களுக்கு ரொம்பப் பிடித்திருக்கிறது சார்” என்று இங்கிலீஷில் சொல்கிறேன். அவர் முகம் மலர்ந்து முனிரத்னம்மாவைக் கும்பிடுகிறார். முனிரத்னம்மாவும் கும்பிட்டுவிட்டு என் கையைப் பிடித்துக்கொள்கிறார். “மனுசன் கோவிச்சுக்கவே இல்ல பாரு. படிச்ச புள்ள எடுத்துச் சொன்னா அது தனிதான்.”