மஞ்சள் கட்டம்

காலைப் பனிமூட்டம் ஓடுபாதை விளக்குகளைக்கூட விழுங்கியிருந்தது. இறங்கிய விமானத்தை நிறுத்துமிடத்துக்கு வழிகாட்டி அழைத்துப்போகும் ஜீப், கண்ணாடிக்கு வெளியே தெரியவே இல்லை. கேப்டன் கேசவமூர்த்தியின் முன்னாலிருந்த திரையில்தான் தெரிந்தது. விமான நிலையத்தின் வரைபடத்தில் அவருடைய விமானம் ஒரு வெள்ளை முக்கோணம். அதற்கு முன்னால் நான்காம் எண் ஜீப், ஒரு மஞ்சள் கட்டம். கட்டம் திரும்பிய இடத்தில் முக்கோணமும் திரும்பியது.

ஜீப் ஓட்டுநரிடம் இந்தப் பாதையில் வழக்கமாகச் சொல்வதை அவர் ரேடியோவில் சொன்னார். "உங்க பின்னாடியேதான் வர்றேன், அருளானந்தம்."

பக்கத்து இருக்கையிலிருந்த துணை விமானி நிவேதா மெதுவாகச் சொன்னாள். "சார், அவர் போன மாசம் தவறிட்டார். நீங்க லீவுல இருந்தீங்க."

ரேடியோ கரகரத்தது. பெண் குரல். "அவர் சம்சாரம் பேசறேன் சார். வேலைய எனக்குக் குடுத்திருக்காங்க."

கேசவமூர்த்தி பதில் சொல்லுமுன் மஞ்சள் கட்டம் நின்றுவிட்டது. அவரும் பிரேக்கை மிதித்தார்.

கட்டுப்பாட்டுக் கோபுரத்திலிருந்து கேட்டார்கள். "நாலாம் நம்பர் ஜீப், ஏன் நின்னுட்டீங்க?"

மறுபடியும் கேட்டார்கள், இந்த முறை எரிச்சலோடு.

கேசவமூர்த்தி மைக்கை அழுத்தினார். "நான்தான் நிக்கச் சொன்னேன். விமானத்துல ஒண்ணு சரிபார்க்கணும். கொஞ்ச நேரம் ஆகும்."

நிவேதா திரையைப் பார்க்காமல் வெளியே பனியைப் பார்த்துக்கொண்டிருந்தாள். முக்கோணம் காத்திருந்தது. கட்டம் இன்னும் நகரவில்லை.