வதனி படித்த பள்ளிக்கூடம்

லண்டன் மனோர் பார்க் வீட்டில் இளையதம்பி ஒரு கையில் டெலிபோனும் மறு கையில் கேள்வித்தாளுமாக இருந்தார். மறுமுனையில், பாங்கொக்கில், மகள் வதனி.

"பள்ளிக்கூடம் எப்ப தொடங்கினது?"

"முப்பத்திரண்டில, அப்பா. ஆத்தங்கரை மரவீட்டில, பதினாலு பொம்பிளைப் பிள்ளையளோட."

"பிறகு?"

"உலகச் சண்டைக்க மூடினவை. திரும்பத் திறந்து மூண்டு மாடி கட்டினவை. நான் சேரேக்க எண்ணூறு பேர். இப்ப, எண்பத்தொன்பதில, ரெண்டாயிரம்."

"தலைமயிர்?"

"பள்ளிக்கூடச் சட்டம், காதளவுக்குமேல விட ஏலாது. நேற்று வெட்டிட்டன்."

பக்கத்தில் நின்ற மனைவி தவநாயகி அவர் தோளைத் தொட்டாள். "காணும். எல்லாம் சரியாத்தானே சொல்லுறாள்."

"ஒரு பிழையும் விட ஏலாது," என்றவர் தாளைத் திருப்பினார். "அப்பாவின்ர பேர்?"



"கார்த்திகேசு. சிங்கப்பூர்க்காரர். பாங்கொக்கில வேலை."

"சரி."

தாளோடு, ஆட்களைக் களவாக லண்டனுக்கு எடுக்கும் ஏஜென்ட் அனுப்பிய பாஸ்போட் பிரதி மடியில் கிடந்தது. அமராவதி என்ற பெயர்; பாங்கொக்கில் அந்தப் பள்ளிக்கூடத்தில் படிப்பவள் அவள்தான், நாளைக்கு அவளாக வரப்போகிறவள் வதனி. காதளவு மயிரோடு, வதனியின் சாயலில் யாரோ ஒரு பெண்.

"நாளைக்கு ஹீத்ரோ எயார்போட்டில இதையும் கேப்பினம். லண்டனில உனக்குச் சொந்தம் ஆரும் இருக்கினமோ?"

"ஒருத்தரும் இல்லை, அப்பா."

இளையதம்பி கண்களை மூடிக்கொண்டார்.

"அந்தக் கடைசிச் சொல்லை மட்டும் விட்டிடு, பிள்ளை. மற்றதெல்லாம் சரி."